வெண்படலமும் விழுக்காடும்

நுழையும்முன்

ஊரில் ஒரு நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டால், விழுக்காடு ஒன்று விடையாகக் கிடைக்கிறது. அந்த விழுக்காட்டிற்குப் பின்னால் வீடுவீடாக ஏறி இறங்கியவர்களின் உழைப்பு இருக்கிறது. யாரை எண்ணுவது, எதை நோய் என்று கொள்வது என அவர்கள் எடுத்த முடிவுகளும் இருக்கின்றன. வாய்ப்புற்றுக்கு முந்தைய நிலைகள் மக்களிடையே எண்ணப்பட்ட வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கண்ணுக்குப் புலப்படும் நோய்

வயிற்றிலோ நுரையீரலிலோ தோன்றும் புற்றுநோயைக் காண்பதற்குக் கருவிகள் வேண்டும். வாய்ப்புற்றோ நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்ப்பவரின் கண்ணுக்கே புலப்படக்கூடியது. அது தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பாகவே கன்னத்தின் உட்புறத்திலோ, நாக்கின் ஓரத்திலோ, அண்ணத்திலோ அதன் முன்னடையாளங்கள் பலரிடம் வந்துவிடுகின்றன. அவ்வாறிருந்தும், 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,35,000 பேர் உதடு மற்றும் வாய்ப் புற்றுநோய்க்குப் புதிதாக ஆளாயினர் என்றும், ஏறத்தாழ 75,000 பேர் அதனால் இறந்தனர் என்றும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிட்டது. நோயுற்றோரில் பெரும்பாலோர் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனையை அடைகின்றனர். பார்க்கக்கூடிய இடத்திலிருந்த நோய், பார்ப்பாரின்றி வளர்ந்துவிடுகிறது.

முன்னடையாளங்களுள் மிகுதியாகக் காணப்படுவது வெண்படலம். துணியால் தேய்த்தாலும் நீங்காத வெண்மையான திட்டாக அது அமையும். 1877இல் புடாபெஸ்ட் நகரத் தோல் மருத்துவர் எர்னஸ்ட் ஷ்விம்மர் அதற்கு ‘லுக்கோபிளேக்கியா’ என்று பெயரிட்டார். வெண்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. செந்நிறமாக, வெல்வெட்டுத் துணி போலத் தோன்றும் திட்டு ‘எரித்ரோபிளேக்கியா’ எனப்படும் செம்படலம். இது அரிதாகவே காணப்படும். ஆயினும் எல்லாவற்றினும் கொடியது இதுவே.

மூன்றாவது, வாயின் சளிச்சவ்வுக்கு அடியில் நார்த்திசு தடித்து இறுகும் நிலை. இதனை நாரிறுக்கம் எனலாம். காரமான உணவு பட்டால் வாய் எரிவதில் இது தொடங்குகிறது. நாளடைவில் கன்னத்தின் உட்புறம் வெளிறி, தொட்டால் கயிறு போன்ற பட்டைகள் தட்டுப்படும். பின்னர் வாயை அகலத் திறக்க இயலாமற்போகும். இயல்பாக வாய் திறப்பவர், தம் மூன்று விரல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே நுழைக்க இயலும். நாரிறுக்கம் முற்றியவருக்கு ஒரு விரல் நுழைவதும் அரிது. சோற்று உருண்டையை வாய்க்குள் கொண்டுசெல்வதே துன்பமாகிவிடும். 1952இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இந்நிலையைக் கண்டு ஷ்வார்ட்ஸ் என்பவர் பதிவு செய்தார். அடுத்த ஆண்டில் ஜோஷி என்னும் இந்திய மருத்துவர் இதனை விரிவாக எழுதினார்.

இவற்றைப் ‘புற்றுக்கு முந்தைய நிலைகள்’ என்று நெடுங்காலம் அழைத்துவந்தனர். முந்தையது இருந்தால் பிந்தையது வந்தே தீரும் என்ற அச்சத்தை இப்பெயர் ஏற்படுத்தியது. வெண்படலம் உடையோரில் பெரும்பாலோர்க்குப் புற்று வருவதில்லை. எனவே 2005இல் இலண்டனில் கூடிய உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு, ‘புற்றாக மாறும் வாய்ப்புள்ள கோளாறுகள்’ என்ற பெயரைப் பரிந்துரைத்தது. பெயர் நீளமானதுதான், எனினும் உண்மைக்கு அணுக்கமானது. சுருக்கம் கருதி இப்பாடத்தில் பழைய பெயரே ஆளப்படுகிறது.

வீடுதோறும் ஒரு கணக்கு

இந்நிலைகள் மக்களிடையே எவ்வளவு பரவியுள்ளன? மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டினால் இவ்வினாவிற்கு விடை கிடைக்காது. வெண்படலம் வலிப்பதில்லை. வலிக்காத ஒன்றைக் காட்டுவதற்காக வேலையை விட்டு, பேருந்து ஏறி, மருத்துவமனை வாயிலில் காத்திருப்பவர் யாரும் இலர். ஆகவே எண்ணுபவர்தாம் மக்களிடம் செல்லவேண்டும்.

1960களின் பிற்பகுதியில் அவ்வாறு சென்றனர். மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பல் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த ஃபாலி மேத்தாவும், கோபன்ஹேகன் நகரிலிருந்து வந்து அவருடன் இணைந்த யென்ஸ் பின்ட்போர்கும் இப்பணிக்கு முன்னோடிகள். கேரளத்தின் எர்ணாகுளம், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், குஜராத்தின் பாவ்நகர், அன்றைய பீகாரைச் சேர்ந்த சிங்பூம், தர்பங்கா ஆகிய ஐந்து மாவட்டங்களின் சிற்றூர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அங்கு 15 வயதும் அதற்கு மேலும் ஆன 50,915 பேரின் வாய்களைப் பல் மருத்துவர்கள் பார்த்தனர். ஒவ்வொருவருடைய புகையிலைப் பழக்கத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டனர்.

ஐந்து மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. புகையிலை ஒன்றாயினும் அதனை வாயில் வைக்கும் முறை ஊருக்கு ஊர் வேறு. எர்ணாகுளத்தில் வெற்றிலை பாக்குடன் மென்றனர், பீடியும் புகைத்தனர். பாவ்நகரில் ‘ஹூக்லி’ என்னும் சிறு மண்குழாயில் புகைக்கும் வழக்கம் இருந்தது. பீகாரில் சுண்ணாம்புடன் கசக்கிய கைனியை உதட்டிடுக்கில் அடக்கிக்கொண்டனர். ஸ்ரீகாகுளத்து வழக்கம் வெளியூராருக்கு வியப்பளிப்பது: அங்கே பெண்கள் பலர் ‘சுட்டா’ என்னும் நாட்டுச் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைத்தனர். தீ அண்ணத்திற்குக் கீழே கனன்றுகொண்டிருக்கும். அம்மாவட்டத்தில் அண்ணத்தில்தான் மாற்றங்கள் மிகுதியாகக் காணப்பட்டன. மெல்லுவோரின் கன்னத்தில், அவர்கள் புகையிலையை அடக்கிவைக்கும் அதே பக்கத்தில், வெண்படலம் தோன்றியது. பழக்கம் எங்கே தொட்டதோ அங்கே அடையாளம் வந்தது.

வெண்படலத்தின் பரவல் ஐந்து மாவட்டங்களிலும் ஒரே அளவில் இல்லை. ஒன்றில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மற்றொன்றில் நூற்றுக்கு ஐவரை நெருங்கியது. ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரே முறையில் எண்ணியும் இத்துணை வேறுபாடு. ‘இந்தியாவில் வெண்படலம் எவ்வளவு?’ என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணை விடையாகத் தருவோர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றனர். நாரிறுக்கம் அன்று மிக அரிதாகவே இருந்தது. மிகுதியாகக் காணப்பட்ட எர்ணாகுளத்தில்கூட ஆயிரம் பேரில் ஏறத்தாழ நால்வர்க்கே அந்நிலை இருந்தது.

தெரிந்து தெளிவோம்

ஒரு குறிப்பிட்ட காலத்தில் மக்கள்தொகையில் எத்தனை பேரிடம் ஒரு நிலை இருக்கிறது என்பதைக் காட்டுவது பரவல் வீதம். ஓராண்டில் எத்தனை பேரிடம் அது புதிதாகத் தோன்றுகிறது என்பதைக் காட்டுவது புதுநிகழ்வு வீதம். குளத்திலுள்ள நீரின் அளவு முன்னதைப் போன்றது. வாய்க்கால் வழியே வந்துசேரும் நீரின் அளவு பின்னதைப் போன்றது. குளத்து நீர் குறைவாக இருப்பதாலேயே வரத்தும் குறைவு என்று கொள்ள இயலாது. மதகு வழியே விரைந்து வெளியேறியும் இருக்கலாம். செம்படலம் விரைவில் புற்றாக மாறிக் கணக்கிலிருந்து விலகிவிடுவதால், அதன் பரவல் வீதம் சிறிதாகத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். நாரிறுக்கம் ஏறத்தாழ மறைவதே இல்லை; எனவே ஆண்டுதோறும் தேங்கிக்கொண்டே போகும்.

எண்ணியவர்கள் மீண்டும் வந்தனர்

ஒருமுறை எண்ணியதோடு அக்குழுவினர் நிற்கவில்லை. எர்ணாகுளம் மாவட்டத்தில் 1977–78இல் புகையிலை பயன்படுத்துவோர் 12,212 பேரைத் தேர்ந்து, எட்டு ஆண்டுகள், ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் வீட்டிற்கே சென்று வாயைப் பார்த்துவந்தனர். அவ்வெட்டு ஆண்டுகளில் 19 பேருக்கு வாய்ப்புற்று தோன்றியது. அவர்களுள் 15 பேருக்கு, புற்று தோன்றுமுன்பே, அதற்கு முந்தைய நிலை ஏதேனும் ஒன்று இருந்தமை ஏட்டில் பதிவாகியிருந்தது. இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் இதற்கு முன், நோயாளியிடம் ‘உமக்கு முன்பு வெள்ளைத் திட்டு இருந்ததா?’ என்று நினைவைக் கேட்டே அறியவேண்டியிருந்தது. இப்போது நினைவுக்கு மாற்றாகப் பதிவு வந்தது.

வெண்படலங்கள் எல்லாம் ஒருதன்மையன அல்ல என்பதும் இதனால் தெளிவாயிற்று. மெல்லிய, வழவழப்பான திட்டுகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. சில தாமாகவே மறைந்தன. சிறு சிறு முடிச்சுகளுடன் செந்நிறம் கலந்திருந்த திட்டுகள் 13 மட்டுமே இருந்தன; அவற்றுள் 6 புற்றாக மாறின. நாரிறுக்கமும் அவ்வாறே கவலை தந்தது. அதே மாவட்டத்தில் நாரிறுக்கம் உடைய 66 பேரைப் பதினேழு ஆண்டுகள் கவனித்ததில், ஐவர்க்குப் புற்று வந்தது.

பல்லாயிரம் வீடுகளுக்கு மீண்டும் மீண்டும் சென்றவர்களிடம், ‘பார்த்துவிட்டு மட்டும் போகிறீர்களே’ என்று எவரேனும் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வியாகவே இருந்திருக்கும். மூன்று மாவட்டங்களில் ஏறத்தாழ 36,000 பேரிடம், பழக்கத்தை விடுமாறு நேரில் எடுத்துரைத்தும், திரைப்படம், சுவரொட்டி முதலியவற்றின் வழியாக அறிவுறுத்தியும் என்ன நேர்கிறது என்று கவனித்தனர். முடிவு 1986இல் ‘தி லான்செட்’ இதழில் வெளிவந்தது. முழுமையாக விட்டவர்கள் சிலரே. எனினும் விட்டவர்களிடமும் குறைத்தவர்களிடமும் வெண்படலம் புதிதாகத் தோன்றுவது வெகுவாகக் குறைந்தது. புற்றுக்கு முந்தைய நிலையின் பரவல், மாற்ற இயலாத விதி அன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று அன்றுவரை இல்லை.

பாவ்நகர்: கால் நூற்றாண்டுக்குப் பின்

1990களில் பாவ்நகர் மாவட்டச் சிற்றூர்களில் மற்றுமொரு கணக்கெடுப்பு நடந்தது. முதல் கணக்கெடுப்பில் அம்மாவட்டத்தில் நாரிறுக்கம் உடையோர் ஆயிரத்தில் இருவர்கூட இல்லை. இம்முறை 11,262 ஆண்களிடம் பழக்கத்தைக் கேட்டறிந்து, புகையிலையோ பாக்கோ பயன்படுத்துவதாகக் கூறிய 5,018 ஆண்களின் வாய்களைப் பார்த்தனர். அவர்களுள் 164 பேருக்கு நாரிறுக்கம் இருந்தது.

இங்கே சற்று நின்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 164 என்னும் தொகுதி எண் மாறாது. பகுதி எண்ணாக எதை வைப்பது? பார்க்கப்பட்ட 5,018 பேரை வைத்தால் 3.3 விழுக்காடு. பழக்கம் இல்லாதவரிடம் இந்நோய் இல்லை என்று கொண்டு, வினவப்பட்ட 11,262 ஆண்களையும் வைத்தால் 1.5 விழுக்காடு. அந்த 164 பேரில் நால்வர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பாக்குப் போடுவோர். அப்பழக்கம் உடையோர் 1,786 பேர் மட்டுமே. 160ஐ 1,786ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9 விழுக்காடு. மூன்றும் உண்மை. மூன்றும் ஒரே ஊர்களைப் பற்றியவை. செய்தித்தாளில் ‘9 விழுக்காட்டினருக்கு நோய்’ என்று மட்டும் அச்சாகுமானால், படிப்போர் ‘எவருள் ஒன்பது?’ என்று கேட்டேயாக வேண்டும். முதல் கணக்கெடுப்போடு ஒப்பிடுவதற்கு உரியது இவற்றுள் மிகச் சிறியதாகிய 1.5 என்பதே. முதல் கணக்கில் பெண்களும் சேர்ந்திருந்தனர் என்பதையும் கருதவேண்டும். அத்தனையும் கழித்துப் பார்த்தாலும் கால் நூற்றாண்டில் பரவல் பல மடங்கு உயர்ந்திருந்தது.

உயர்வுக்குக் காரணம் ‘மாவா’. சீவிய பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு மூன்றையும் சிறு தாளில் இட்டுத் தேய்த்துக் கலந்த பொருள் அது. சென்னைத் தெருக்களிலும் இப்பெயர் வழங்குகிறது. முதல் கணக்கெடுப்பில் பாவ்நகரின் பழக்கமாக இருந்தது ஹூக்லி. அது முதியோரோடு ஒதுங்கியது. மாவாவை எடுத்துக்கொண்டவர்கள் இளைஞர்கள். நாரிறுக்கம் உடையோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் 35 வயதுக்குட்பட்டோர். ஆய்வாளர்கள் தம் கட்டுரையின் தலைப்பிலேயே ‘ஒரு புதிய கொள்ளைநோயா?’ என்று வினவினர். புற்று பொதுவாக முதுமையின் நோய் என்று கருதப்பட்ட நாட்டில், இருபதுகளிலேயே வாய் திறக்க இயலாத இளைஞர்களை அக்கணக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்தியது.

பாக்கின் பங்கு

தமிழர் வாழ்வில் வெற்றிலை பாக்குக்கு உள்ள இடம் பெரிது. திருமண உறுதியைத் தாம்பூலம் மாற்றியே நிறைவு செய்கிறோம்; விருந்தினரை வழியனுப்பும் பையிலும் அதுவே இருக்கிறது. தாம்பூலம் மிகத் தொன்மையானது. அதனுள் புகையிலை நுழைந்தது போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்னர். ஆகவே தீமை யாவும் புகையிலையால் வந்தது, பாக்கு தீங்கற்றது என்று கருதுவோர் பலர். அக்கருத்து பாதி மட்டுமே சரி. புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கும் புற்றை விளைவிப்பவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வெளியிட்ட தன் நூலில் வகைப்படுத்தியது.

பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் வேதிப்பொருள், நார்த்திசுவை உண்டாக்கும் செல்களைத் தூண்டுகிறது. பாக்கிலுள்ள டானின்கள் அவ்வாறு உண்டான நாரைச் சிதையாமல் உறுதிப்படுத்துகின்றன. ஆவாரம்பட்டை ஊறிய நீரில் இட்ட தோல் கெடாமல் பதப்படுவதும் டானின்களால்தான். தோல் பதனிடும் தொட்டியில் விலங்கின் தோலுக்கு நடப்பதை ஒத்த ஒன்று, ஓயாது பாக்கை அடக்கிக்கொண்டிருப்பவரின் கன்னத்தினுள் நடக்கிறது. மங்கல நாளில் ஒருமுறை போடும் தாம்பூலத்திற்கும், கடை வாயிலில் சரம் சரமாகத் தொங்கிய பொட்டலங்களை நாளெல்லாம் வாயில் கொட்டிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. வெற்றிலையின்றி, உலர்ந்த பாக்குத் தூளை நேரடியாக வாயிலிடும் வழக்கம் பரவிய பின்னரே நாரிறுக்கம் பெருகியது. தமிழ்நாட்டில் குட்கா முதலிய புகையிலை கலந்த உணவுப்பொருள்களுக்கு 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடை விதிக்கப்பட்டது.

எந்த எண்ணை நம்புவது?

சென்னையிலுள்ள பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் புறநோயாளர் பிரிவுக்கு வந்த 2,017 பேரைப் பார்த்த ஆய்வு 2006இல் வெளியாயிற்று. அவர்களுள் வெண்படலம் உடையோர் 0.59 விழுக்காடு, நாரிறுக்கம் உடையோர் 0.55 விழுக்காடு. இவ்வெண்களைக் கண்டு சென்னை மாநகரில் இந்நிலைகள் அரிது என்று முடிவு செய்யலாமா? பல் மருத்துவமனைக்கு வருவோர் பல்வலிக்காக வருவோர். அவர்களுள் இளையோரும் புகையிலையைத் தொடாதோரும் மிகுதி. அந்த எண் அக்கல்லூரியின் வாயிலுக்குள் நுழைந்தோரைப் பற்றியது. மாநகர மக்களைப் பற்றியது அன்று. ஆய்வாளர்கள் அதனை மறைக்கவில்லை. மேற்கோள் காட்டுவோர்தாம் பல நேரங்களில் மறந்துவிடுகின்றனர்.

மறுபுறம், 2018இல் உலகெங்கும் நடந்த 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள், புற்றாக மாறும் வாய்ப்புள்ள வாய்க்கோளாறுகளின் பரவல் 4.47 விழுக்காடு என்றனர். ஆசிய மக்களிடையே அது 10.54 விழுக்காடு என்றனர். ஆசியர் பத்துப் பேரில் ஒருவர்க்கு இந்நிலை இருக்கிறது என்று இதனைப் படிப்பது பிழை. ஆசியாவில் இத்தகைய ஆய்வுகள், நோய் மிகுந்த இடங்களைத் தேடியே பெரிதும் நடந்துள்ளன. தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊர்களில் மட்டும் கிணறுகளை அளந்துவிட்டு, நாட்டின் நீர்மட்டத்தைக் கூறுவது போன்றதுதான் அது.

இலங்கையின் சபரகமுவ மாகாணத்தில் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வு இவ்வகையில் கவனத்துடன் செய்யப்பட்டது. நகரம், சிற்றூர், தோட்டம் ஆகிய மூவகை வாழிடங்களிலிருந்தும் 30 வயது கடந்த 1,029 பேரைப் பார்த்து, வாழிடமும் பாலினமும் மக்கள்தொகையில் பெறும் பங்கிற்கேற்பக் கணக்கைச் சீர்செய்து, 11.3 விழுக்காடு என்ற முடிவுக்கு வந்தனர். அம்மாகாணத்தின் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் உழைப்போரில் மலையகத் தமிழர் பலர். விடியலில் தொடங்கும் வேலைக்கும் குளிருக்கும் நடுவே பசியையும் களைப்பையும் மறக்க வெற்றிலையும் புகையிலையும் மெல்லுவது அங்குத் தலைமுறைகளாகத் தொடர்ந்த வழக்கம். 11.3 என்பது பெரிய எண்தான். எனினும் ஐந்து மாவட்டக் கணக்கில் 15 வயதினரும் சேர்ந்திருந்தனர். இங்கே 30 வயது கடந்தோர் மட்டுமே. வயது ஏற ஏறப் பரவல் ஏறும். இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவோர் இதனை நினைவில் கொள்ளல் வேண்டும்.

எதை வெண்படலம் என்று கொள்வது என்பதும் எண்ணை மாற்றும். கூரிய பல் உரசிய இடத்திலும், கன்னத்தைக் கடித்துக்கொள்ளும் பழக்கத்தாலும், பூஞ்சைத் தொற்றாலும் வெள்ளைத் திட்டு வரலாம். ‘வேறெந்த நோயாகவும் வகைப்படுத்த இயலாத வெண்திட்டு’ என்று 1978இல் உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்தது. அதற்கு முன்னர் ஒவ்வொரு குழுவும் தனக்கெனத் தனி வரையறை வைத்துக்கொண்டது. பழைய ஆய்வுகளைப் புதியவற்றோடு ஒப்பிடும்போது இது பெரிய இடர்.

எண்ணிய பின்

எண்ணுவதால் உயிர் காக்கப்படுமா என்பதைத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் சோதித்துப் பார்த்தனர். 1996இல் தொடங்கிய அம்முயற்சியில் 13 ஊராட்சிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவில் 35 வயதும் அதற்கு மேலும் ஆன 96,517 பேர். அவர்களுடைய வாய்களைப் பயிற்சி பெற்ற நலவாழ்வுப் பணியாளர்கள் வீட்டிற்கே சென்று மூன்று சுற்றுகளாகப் பார்த்தனர். அவர்கள் மருத்துவர் அல்லர். பட்டம் பெற்று இதற்கெனப் பயிற்சி எடுத்தவர்கள். மற்றொரு பிரிவில் 95,356 பேர். அவர்கள் வழக்கமான மருத்துவ வசதியோடு இருந்தனர்.

2005இல் வெளிவந்த முடிவைக் கவனமாகப் படிக்கவேண்டும். வாய் பார்க்கப்பட்ட பிரிவில் 205 பேருக்குப் புற்று கண்டறியப்பட்டது; 77 பேர் அதனால் இறந்தனர். மற்றொரு பிரிவில் கண்டறியப்பட்டது 158 பேருக்கே. இறந்தவர்கள் 87 பேர். தேடியதால் நோய் மிகுதியாக அகப்பட்டது, இறப்போ குறைந்தது. மொத்த மக்களைக் கொண்டு பார்த்தால் இறப்பிலுள்ள வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரை மட்டும் எடுத்துப் பார்த்தால் இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. அது தற்செயல் அன்று. யாரிடம் முதலில் செல்லவேண்டும் என்பதை இது காட்டியது.

அதே ஆய்வின் மற்றொரு எண் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பணியாளர்கள் ஐயத்திற்குரிய மாற்றம் கண்டு மருத்துவரிடம் செல்லுமாறு கூறியவர்கள் 5,145 பேர். சென்றவர்கள் 3,218 பேர். ஏனைய ஏறத்தாழ 1,900 பேர் செல்லவில்லை. வீடு தேடி வந்து, வாயைத் திறந்து பார்த்து, இங்கே ஒரு திட்டு இருக்கிறது என்று சொல்லிய பின்னும் அவர்கள் செல்லவில்லை. நாட்கூலி இழப்பு, துணைக்கு ஆளின்மை, ‘புற்று’ என்ற சொல் காதில் விழுந்துவிடுமோ என்ற அச்சம் ஆகியவை எந்த ஊரிலும் எளிதில் ஊகிக்கத்தக்க காரணங்கள். வலியில்லை என்பது அவற்றுக்கெல்லாம் துணை நிற்கிறது.

2016இல் இந்திய அரசு வகுத்த நெறிமுறைகளின்படி, 30 முதல் 65 வயது வரையுள்ளோர் அனைவருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். உதடு, இரு கன்னங்களின் உட்புறம், ஈறு, நாக்கின் மேலும் கீழும் ஓரங்களும், வாயின் அடித்தளம், அண்ணம் என்று வரிசையாக வெளிச்சத்தில் பார்த்து முடிக்க ஓரிரு நிமிடங்கள் போதும். ஆறாத புண், வெண்திட்டு, செந்திட்டு, வாய் திறப்பதில் குறை ஆகியவை குறிக்கப்படும். ஐயம் இருப்பின் சிறு திசு எடுத்து ஆய்வுக்கு அனுப்பப்படும். 2016–17இல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 21.4 விழுக்காட்டினர் புகையில்லாப் புகையிலை பயன்படுத்துவோர். அவர்களுள் முப்பதை எட்டாதவர்கள் இந்தப் பரிசோதனையின் எல்லைக்குள் வரவில்லை. பாவ்நகரில் நாரிறுக்கத்துடன் காணப்பட்டவர்களில் பலர், அன்றைக்கு இந்த நெறிமுறை இருந்திருந்தாலும், பரிசோதனைக்குரிய வயதை எட்டியிருக்க மாட்டார்கள். பள்ளியிலோ கல்லூரியிலோ பல் மருத்துவ முகாமில் வாயைத் திறக்கும்போது, பல்லோடு கன்னத்தின் உட்புறத்தையும் ஒருவர் பார்த்தால்தான் அவர்கள் எண்ணப்படுவார்கள்.